இருபத்து நான்கு மீட்டர்

மேஜைமேல் இருந்த கட்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு மரக்கட்டையை வைத்தார் அவர். முக்கோணமாகச் செதுக்கிய ஆப்பு. தூக்கிப் பார்த்தால் மூன்று கிலோவாவது இருக்கும். சரிவான பக்கத்தில் விரல் நுழையும் ஆழத்துக்கு ஒரு வெட்டு ஓடியிருந்தது.

"சங்கிலி அறுத்த தடம் சார். லாரில இரும்புக் காயில் நகர்ந்தா இப்படித்தான் அறுக்கும். போன வருஷம் ஒரு பைக்காரன் குறுக்கே வந்துட்டான், முழுசா அழுத்திட்டேன். கட்டை நின்னுச்சு. அதனாலதான் உங்க முன்னாடி நிக்கிறேன்."

அவர் வந்த விஷயம் ஐந்நூறு ரூபாய் அபராதம். சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகக் கேமரா பிடித்து அனுப்பிய மின் சலான். 2023-ம் வருடம், ஆடி மாதம்.

மணிமங்கலத்தில் என் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிக்கொண்ட ஊர் இது. கூரம் செப்பேட்டில் பெயர் இருக்கிறது. இப்போது இந்தப் பக்கம் மோதிக்கொள்வதெல்லாம் ட்ரெய்லரும் ஷேர் ஆட்டோவும். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். இன்னொரு பக்கம் படப்பை தாண்டினால் ஒரகடம். இடையில் ஓடும் வண்டிகள்தான் என் வருமானம் என்று சொன்னால் மிகையில்லை. விபத்து இழப்பீடு, இன்ஷூரன்ஸ், ஃபைனான்ஸ்காரன் தூக்கிப்போன வண்டி. சிக்னல் சலானுக்கென்று ஒருவரும் வக்கீல் வைப்பதில்லை. "ஐந்நூறுதானே, கட்டிவிட்டுப் போங்கள்" என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இவரையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன், சட்டைப் பையிலிருந்து இரண்டாவது காகிதத்தை எடுக்காமல் இருந்திருந்தால். லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ். உங்கள் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.

சங்ககிரிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது. இருபத்தாறு வருடமாகக் கனரக வண்டி. துறைமுகத்திலிருந்து இரும்புக் காயில் ஏற்றிக்கொண்டு ஒரகடத்தில் இருக்கும் தகடு அழுத்தும் பட்டறைகளுக்கு இறக்குவது வேலை. மூன்று மாதம் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினால் அந்த சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். சலான் வந்தது ஓனர் போனுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 133-ம் பிரிவுப்படி வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். ஓனர் அரை மணி நேரத்தில் பெயரும் லைசென்ஸ் நம்பரும் கொடுத்துவிட்டார். அதோடு அபராதத்தையும் கட்டி, பேட்டாவில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"கட்டிட்டாரா?" என்றேன்.

"நாளைக்குக் கட்டுறேன்னாரு."

அந்த நிமிடமே ஓனருக்குப் போன் போட்டுக் கட்டாதீர்கள் என்றேன். அவருக்கு நான் பைத்தியமாகத் தோன்றியிருப்பேன். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொண்டதாகிவிடும். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு லைசென்ஸ் விசாரணையில் நான் என்ன பேசுவது? கார்க்காரருக்கு அது ஐந்நூறு ரூபாய். லாரிக்காரருக்கு மூன்று மாதச் சோறு.

இந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு போட்டார். விபத்தில் நொறுங்கி வருகிறவர்களை நாள் முழுக்கத் தைத்துக்கொண்டிருந்த டாக்டர், இவர்கள் என் மேஜைக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீதிமன்றத்தைக் கேட்டார். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது: குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, ஓட்டும்போது போன் பேசுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது – இவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்துங்கள். அந்த மனுவை நான் மதிக்கிறேன். இழப்பீட்டு வழக்குகளில் எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் பிடித்து வாழ்கிறவன் மதிக்காமல் எப்படி? ஆனால் அந்த ஆறில் ஐந்துக்கு ஓட்டுகிறவரின் மனசு வேண்டும். ஆறாவது மட்டும் சில சமயம் வண்டியின் எடையாலேயே நடந்துவிடும். அது எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

சட்டத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு முரண். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பைத் தாண்டுவது 184-ம் பிரிவில், அபாயகரமாக ஓட்டுதல் என்பதற்குள் வந்துவிட்டது. அதற்குக் குறைந்தபட்ச அபராதமே ஆயிரம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறையும் போடலாம். அந்தப் பிரிவில் கைபேசிக் குற்றத்தைத் தவிர மற்றதை ரோட்டிலேயே பணம் வாங்கித் தீர்க்க முடியாது. அதனால் நடைமுறையில் 119, 177 பிரிவுகளைப் போட்டு, போக்குவரத்துக் குறியை மதிக்கவில்லை என்று ஐந்நூறோடு முடித்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் லைசென்ஸைப் பறித்து அனுப்பச் சொல்லும் 206-ம் பிரிவின் பட்டியலில் 184 இருக்கிறது, 177 இல்லை. என் கட்சிக்காரருக்கு வந்த சலான் 177. வந்த நோட்டீஸோ அபாயகரமாக ஓட்டினார் என்கிறது. சின்னக் குற்றம் என்று வசூலித்துவிட்டுப் பெரிய குற்றம் என்று தண்டிக்க முடியாது என்று நான்கு பக்கம் பதில் எழுதினேன். அலுவலகத்தில் நேர்விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நீதிமன்ற முடிவு வரும்வரை விசாரணையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி படம். சலானோடு வந்த புகைப்படத்தில் சிவப்பு விளக்கு பளிச்சென்று தெரிகிறது. ட்ரெய்லரின் பின்பக்கமும் அதில் எழுதிய நம்பரும் தெரிகின்றன. பின்சக்கரம் நிறுத்தக் கோட்டின்மேல். நேரம் நொடிவரை அச்சாகியிருக்கிறது. ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி, அதாவது ஹார்ஸ், எங்கே என்று கேட்டால், படத்துக்கு வெளியே.

"பார்த்தீங்களா சார், வண்டியோட வாலைப் புடிச்சிருக்கான். தலை எப்போ போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

ஹார்ஸும் ட்ரெய்லருமாகப் பதினாறு மீட்டர். முன்சக்கரம் மஞ்சளில் தாண்டியிருந்தாலும் வால் சிவப்பில்தான் தாண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு அந்த சிக்னலுக்குப் போனேன். எந்த சிக்னல் என்று எழுதப்போவதில்லை. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து இருபது முறை மஞ்சளை அளந்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று நொடி. மின்னணுக் கண்காணிப்புக்காக 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பலகை இருந்தது. அதன்மேல் கூழ் வார்த்தல் விழா ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. வக்கீல் புத்தி துள்ளிக் குதித்தது. பிறகு தேதியைப் பார்த்தேன்: சம்பவம் ஆனியில், பேனர் ஆடியில். எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் கிழித்துவிடும். விட்டுவிட்டேன்.

மஞ்சள் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று அவரிடம் முன்பே கேட்டிருந்தேன். "இடது கைப்பக்கம் ஒரு டீக்கடை. அதுக்கு நேரா." குமாஸ்தா டேப் பிடித்தார். கடையின் முகப்பு ஆறு மீட்டர். பாய்லர் இருக்கும் முனையிலிருந்து நிறுத்தக் கோடு 39 மீட்டர். வாழைப்பழத் தார் தொங்கும் முனையிலிருந்து 45.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வரலாறு படித்துவிட்டு சட்டத்துக்கு வந்தவன் நான். அக்கா மகள் ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் என்ஜினீயர். வழக்குக் கட்டின் அட்டையிலேயே போட்டுக் காட்டினாள்.

"வேகம் என்ன மாமா?"

ஓனரின் ஜி.பி.எஸ். பதிவில் 48 என்று இருந்தது. அந்தச் சாலையில் அது அதிகமில்லை.

"48-ன்னா நொடிக்கு 13.3 மீட்டர். மஞ்சளைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதுலயே 13 மீட்டர் போச்சு. லாரிக்கு ஏர் பிரேக். காத்து ஓடி ஷூ பிடிக்க அரை நொடி. இன்னொரு ஏழு. அப்புறம் காயில் லோடு, அழுத்திப் பிடிக்க முடியாது, மெதுவாத்தான் இறக்கணும். அதுக்கு 44. மொத்தம் 64 மீட்டர் வேணும். கார்னா 33-ல நின்னுடும்."

"சரி."

"மூணு நொடி மஞ்சள்ல நிக்காம அதே வேகத்துல போனா 40 மீட்டர் போகலாம். அப்ப 40-க்குள்ள இருந்தா தாண்டிடலாம். 64-க்கு வெளிய இருந்தா நிறுத்திடலாம். நடுவுல இருக்கற 24 மீட்டர்ல மாட்டினா எதைச் செஞ்சாலும் தப்பு. கார்க்காரனுக்கு அந்தப் பள்ளமே கிடையாது. சிக்னல் வச்சவங்க காரை நினைச்சு வச்சிருக்காங்க."

அட்டையில் ஒரு கோடு இழுத்து 40-லிருந்து 64 வரை பென்சிலால் கறுப்பாக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய்லர் என்றால் 39: என் ஆள் மஞ்சளிலேயே கோட்டைத் தொட்டுவிட்டார், குற்றமற்றவர். வாழைப்பழம் என்றால் 45: அரை நொடிக்கும் குறைவாகச் சிவப்புக்குள் போயிருக்கிறார், குற்றவாளி. இருபத்தாறு வருட சர்வீஸ் பாய்லருக்கும் பழத்துக்கும் நடுவில் தொங்கியது.

அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாய்லர் பக்கமா, பழம் பக்கமா?"

"சார், நான் ரோட்டைப் பார்ப்பேனா, பழத்தைப் பார்ப்பேனா?"

இந்தக் கணக்கு அக்கா மகள் தானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1960-லேயே அமெரிக்காவில் கேஸிஸ், ஹெர்மன், மாரடுடின் என்ற மூவர் எழுதிவிட்டார்கள். அவர்களில் கேஸிஸும் ஹெர்மனும் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள். சட்டத்தை மதிக்க நினைக்கிற ஓட்டுநரே மதிக்க முடியாத இடம் ஒன்று மஞ்சள் விளக்கில் ஒளிந்திருக்கிறது என்று காட்டிய கட்டுரை அது. இன்னொரு கதையும் அவள்தான் அனுப்பினாள். 2013-ல் ஓரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு சிவப்பு விளக்குக் கேமரா சலான் வந்தது. மனிதர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, திரும்பும் வண்டிக்கு மஞ்சள் போதாது என்று எல்லோருக்கும் எழுதினார். மாநிலப் பொறியியல் வாரியம், உரிமம் இல்லாமல் பொறியியல் தொழில் செய்ததாக அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார். 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கமே மஞ்சள் நேரச் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டது. அதைப் படித்த இரவு எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியது. தமிழ்நாட்டில் மஞ்சள் விளக்கைப் பற்றி ஒரு தீர்ப்பு வாங்கிவிடுவதென்று முடிவு செய்தேன். சிறு வழக்கில் பெரிய கனவு காண்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

நடுவில் ஒரு நாள் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "வேணும்னே சிவப்புல போனதே இல்லையா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்குப் போயிருக்கேன் சார். லோடோட நிறுத்திட்டா மறுபடி ஒண்ணாம் கியர்லேருந்து ஏறி வரணும். நின்னா டீசல் திருட ஆள் வரும். யாரும் இல்லேன்னா போயிடுவேன். பகல்ல, ஷிஃப்ட் விடுற நேரத்துல போக மாட்டேன். பசங்க பைக்ல ஈசல் மாதிரி வருவாங்க. என் பையனும் இங்கதான் ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான்."

அதை நான் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

வழக்கு ஸ்ரீபெரும்புதூரில். மூன்று வாய்தா. ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு ட்ரிப் போனது; ஐந்நூறுக்கு ஒப்புக்கொண்டிருந்தால் எவ்வளவோ மிச்சம். மூன்றாவது நாள் சாட்சிக் கூண்டில் ஒரு உதவி ஆய்வாளர். நல்ல மனிதர், வழக்குக்கும் அவருக்கும் ஒரே சம்பந்தம் கணினியில் வந்த படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது.

"முன்சக்கரம் கோட்டைத் தாண்டும்போது விளக்கு என்ன நிறம்?"

"சிவப்பாத்தான் இருந்திருக்கும்."

"படத்தில் முன்சக்கரம் இருக்கிறதா?"

"இல்லை."

"வீடியோ?"

"இப்போ இல்லை. ஸ்டில் மட்டும்தான் இருக்கு."

வீடியோ இருந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். வண்டியின் வேகமும் நீளமும் ஏற்கெனவே தெரியும். சிவப்பு விழுந்து 1.1 நொடியில் வால் தாண்டியதென்றால் பாய்லர், 1.6 என்றால் பழம். நொடியில் பாதி. வழக்கு முடியும்வரை மின்னணுப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று 167-ஏ விதியே சொல்கிறது. நோட்டீஸைச் சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அனுப்பச் சொன்னது அப்போதைய விதி. இவருக்கு வந்தது 19-ம் நாள். அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்றிதழை நோட்டீஸோடு இணைக்கவும் சொன்னது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலை சாட்சியமாக ஏற்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அன்வர் வழக்கில் சொல்லி, 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதியும் செய்துவிட்டது. இங்கே சான்றிதழ் இல்லை. எங்கள் ஜி.பி.எஸ். பதிவுக்கு மட்டும் ஓனரிடம் கெஞ்சி ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

அக்கா மகள் பென்சில் கோடு போட்ட அட்டையை நான் பெரிதாக வரைந்து கொண்டுபோயிருந்தேன். மரக்கட்டையையும். நடுவர் கட்டையைக் கையில் வாங்கித் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "காயில் எத்தனை டன்?" என்று என் கட்சிக்காரரிடமே கேட்டார். "இருபத்திரண்டுங்கய்யா." தலையசைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் 24 மீட்டரை விளக்கி முடித்தபோது நீதிமன்றத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில் பின் வரிசையில் இரண்டு பேர் அடுத்த கேஸுக்கு ஜாமீன்தாரர் வந்துவிட்டாரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். சான்றிதழ் இல்லை, ஆகவே படத்தைச் சாட்சியமாக ஏற்க இயலாது, சந்தேகத்தின் பலனைத் தந்து விடுதலை. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டப்படி அது சரியான தீர்ப்பு; படமே உள்ளே வராதபோது மஞ்சள் எதற்கு? இரண்டு வாரம் கழித்து லைசென்ஸ் நோட்டீஸும் கைவிடப்பட்டது. அவர் வெளியே வேப்ப மரத்தடியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் உள்ளே ஏதோ உறுத்தியது. காகிதக் குறையால் ஜெயித்த வழக்கு. அடுத்த முறை காகிதம் சரியாக இருக்கும். அந்த சிக்னலில் மஞ்சள் அதே மூன்று நொடியாக இருக்கும். உதவி ஆய்வாளர் வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், ஒரு நாளைக்கு எத்தனை படம் வருதுன்னு தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் சர்டிபிகேட் போட்டா நான் வீட்டுக்குப் போக முடியாது" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மறுவருடம் தை மாதம் படப்பையில் ஒரு ஹோட்டல் வாசலில் அவரைப் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த சிக்னல் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"பச்சையா இருந்தாலும் டீக்கடைக்கு ரொம்ப முன்னாடியே முப்பதுக்குக் கொண்டாந்துடறேன் சார். பின்னாடி ஆரன் அடிச்சே உயிரை வாங்குறான். கம்பெனி பஸ்காரன் ஏறிப் போயிக் கையைக் காட்டுறான். போகட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து அக்கா மகளிடம் பெருமையாகச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுப் போனில் என்னவோ தட்டினாள்.

"முப்பதுல போனா நிக்க 30 மீட்டர் வேணும் மாமா. மஞ்சள்ல போறது 25-தான். இன்னும் அஞ்சு மீட்டர் இடிக்குது."